ஏடு தேடிய குருவானவர்: தனிநாயகம் அடிகளும் திருச்சபை வரலாறும்

ஜூபிலி என்றவுடன் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் மின்விளக்கு அலங்காரமும் நம் நினைவுக்கு வருகின்றன. அச்சொல் பிறந்த இடமோ லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம். ஏழேழு ஆண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டு பிறக்கையில் எக்காளம் ஊதப்பட வேண்டும். கைமாறிப் போன நிலம் அதற்கு உரியவரிடமே திரும்ப வேண்டும் என்று அங்கே கட்டளை இடப்பட்டிருக்கிறது. ஆகவே இழந்ததை மீட்டு உரியவரிடம் சேர்க்கும் ஆண்டே ஜூபிலி ஆண்டு.

நிலத்தைப் போலவே வரலாறும் கைமாறிப் போவதுண்டு. நம் முன்னோர் எப்படிச் செபித்தார்கள், யாரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள், எந்தப் பஞ்சத்தில் மடிந்தார்கள், எந்தச் சண்டையில் பிரிந்தார்கள் என்பவையெல்லாம் எங்கோ ஒரு நாட்டின் நூலகத்திலும், எவருக்கும் புரியாத மொழியிலும், கரையான் அரிக்கும் பேரேட்டிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றை மீட்டுத் தருபவர் வரலாற்றாசிரியர். அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை நம் பங்கின் ஜூபிலி மலரில் எழுதுவது பொருத்தம் என்று கருதினோம். அவர் சங். சேவியர் தனிநாயகம் அடிகள்.

தனிநாயகம் அடிகளைத் தமிழ்த் தூதர் என்றே தமிழுலகம் போற்றுகிறது. 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டியவர். இவை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். அவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியது திருச்சபை வரலாற்றில் என்பதும், பழைய கிறிஸ்தவத் தமிழ் ஏடுகளைத் தேடுவதில் பல ஆண்டுகள் உழைத்தார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தையே இங்கே சொல்ல விழைகிறோம்.

கரம்பொன்னிலிருந்து உரோமாபுரிக்கு

இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைத் தீவில் கரம்பொன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பள்ளியிலும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். பிறகு கொழும்பு புனித பெர்நார்து குருமடத்தில் சேர்ந்தார். 1934இல் உரோமாபுரிக்குச் சென்று ஊர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார். 1938இல் குருப்பட்டம் பெற்றார்.

அங்கே முனைவர் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் புனித சிப்ரியான் ஆயராக இருந்த காலத்தில் கார்த்தேஜ் நகரத்துக் குருகுலம் எவ்வாறு வாழ்ந்தது என்பது. கார்த்தேஜ் வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியா நாட்டில் இருந்த பெருநகரம். சிப்ரியான் கி.பி. 249 வாக்கில் அந்நகரின் ஆயரானார். 258 செப்டம்பர் 14 அன்று வேதசாட்சியாகத் தலை வெட்டுண்டு இறந்தார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் திருச்சபை கண்ட சோதனைகள் கொஞ்சமல்ல.

கார்த்தேஜ் நகரத்துக் குருக்கள்

அக்காலத்தை அறிய நமக்குள்ள முதன்மையான சான்று சிப்ரியானுடைய கடிதத் தொகுப்பு. அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக எண்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றைப் புரட்டினால் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு மறைமாவட்டம் கண்முன் எழுகிறது. ஆயர், குருக்கள், தியாக்கோன்கள், உபதியாக்கோன்கள், பீடத்துணைவர், பேயோட்டுவோர், வாசகர் என்று பணியாளர் பலர் இருந்தார்கள். இளைஞன் அவுரேலியு துன்பத்தில் விசுவாசத்தை அறிக்கையிட்டதற்காக வாசகனாக நியமிக்கப்படுகிறான். செலரீனு என்னும் மற்றொருவனின் பாட்டியும் சிற்றப்பன்மாரும் வேதசாட்சிகள் என்று ஆயர் பெருமிதத்தோடு எழுதுகிறார். இறந்துபோன ஒருவர் தம் உயிலில் ஒரு குருவைக் காப்பாளராக நியமித்துவிட்டார். உலகக் கணக்கு வழக்குகளில் குருவைச் சிக்கவைப்பது முறையன்று என்று ஆயர் கண்டிக்கிறார். சுரங்கங்களில் விலங்கு மாட்டப்பட்டு வேலை செய்த விசுவாசிகளுக்குக் கடிதமும் உதவித் தொகையும் கொண்டு சென்றவர்களுள் பீடத்துணைவர்களும் இருந்தார்கள். நம் ஊர்களில் ஒரு காலத்தில் உபதேசியார்மார் கால்நடையாகச் சுவாமியாரின் செய்திகளைச் சுமந்து சென்றதை இது நினைவூட்டவில்லையா?

அக்கடிதங்கள் பெருமைக்குரியதை மட்டும் சொல்லவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. 250ஆம் ஆண்டில் தேசியு மன்னன், எல்லோரும் அரசாங்கத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். கிறிஸ்தவர்களுள் பலர் பயந்து பலியிட்டனர். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டனர். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்து நாட்டு மணலில் பாப்பிரசு ஏடுகளாகப் பின்னாளில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. குருக்களிலும் சிலர் தவறினர். சிப்ரியானே தலைமறைவாக இருந்து மந்தையை நடத்தியபோது அவர் ஓடிவிட்டார் என்று சிலர் குறை கூறினர். இவ்வளவும் அக்கடிதங்களில் மறைக்கப்படாமல் இருக்கின்றன. ஆயினும் அவற்றைப் படிக்கும் நமக்குத் திருச்சபையின் மீது மதிப்புக் குறைவதில்லை. பலவீனமான மனிதரைக் கொண்டே கடவுளின் வேலை நடந்தது என்னும் உண்மை அங்கே விளங்குகிறது. இருபத்தைந்து வயது நிரம்பிய இளங்குரு ஒருவர் தம் ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே இத்தகைய ஏடுகளோடு பழகியது அவருக்கு நல்ல பள்ளியாக அமைந்தது எனலாம்.

வடக்கன்குளத்தில் மீண்டும் மாணவர்

உரோமாபுரியில் முனைவரான அடிகள் தாயகம் திரும்பித் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணி ஏற்றார். 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தார். இலத்தீன், இத்தாலியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அவருக்குத் தம் தாய்மொழி இலக்கியம் தெரியவில்லை என்ற குறை உறுத்தியது. வெட்கப்படாமல் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் நூல்களைப் பாடம் கேட்டார். உரோமையின் டாக்டர் பட்டம் பெற்ற குரு, சைவம் பேணும் மண்ணில் ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்ட இச்செய்தி நம் இளைஞர்கள் மனத்தில் பதிய வேண்டிய ஒன்று.

வடக்கன்குளத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. அவ்வூர்த் திருக்குடும்ப ஆலயத்தில் சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து நிறுத்தும் சுவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டிருந்தது. ஒரே பீடம், ஒரே பூசை. ஆனால் இரண்டு நடுக்கூடங்கள். 1910இல் சேசு சபைக் குரு கவுசானல் சுவாமியார் அச்சுவரை அகற்றினார். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை நடந்து, சுவரை மீண்டும் எழுப்பும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று முடிந்தது. அடிகள் அங்கே பணியாற்றச் சென்றபோது அந்த நிகழ்ச்சியைக் கண்ணால் கண்டவர்கள் வாழும் காலம். ஆலயம் கட்டியவரின் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். உள்ளே எழுந்த சுவரை மட்டும் நினைவிலிருந்து நீக்கிவிடுகிறோம். கல்லால் கட்டப்படாத சுவர்கள் தமிழகத்தில் இன்னும் பல ஊர்களில், கல்லறைத் தோட்டங்களில்கூட, இருந்து வந்ததை நாம் அறிவோம். வரலாறு எழுதுபவர் கல்வெட்டையும் சுவரையும் சேர்த்தே எழுதக் கடமைப்பட்டவர்.

1945இல் அடிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். சிதம்பரமும் கள்ளக்குறிச்சியும் அன்று ஒரே தென்னாற்காடு மாவட்டம். நம் வட்டத்து விவசாயி தாலுகா வழக்குக்காகக் கடலூருக்கு வண்டி கட்டிய அதே நாட்களில், அதே மாவட்டத்தின் மறு கோடியில் யாழ்ப்பாணத்துக் குரு ஒருவர் சங்க இலக்கியம் படித்துக் கொண்டிருந்தார். பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்து 1949 வாக்கில் முதுகலை ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். இதற்கிடையே 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1952 முதல் தமிழ்க் கல்ச்சர் என்ற ஆங்கிலக் காலாண்டிதழை நடத்தினார்.

வத்திக்கான் நூலகத்தில் தமிழ்

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் ஏடுகளைத் தேடத் தொடங்கினார். 1954இல் வத்திக்கான் நூலகத்தில் ஒரு புதையல் அவர் கைக்கு வந்தது. அது அந்தாம் தெ புரோயென்சா என்னும் சேசு சபைக் குரு தொகுத்த தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி. மதுரை மிஷனில் உழைத்து 1666இல் இறந்த அக்குருவின் அகராதி அவர் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 1679இல், மலையாள நாட்டில் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. ஏறத்தாழ 16,000 சொற்கள் கொண்டது. அக்காலத்து மக்கள் வீட்டிலும் வயலிலும் பேசிய சொற்கள் பல அதில் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்தபோது 1966இல் அதனை அடிகள் அப்படியே படம் பிடித்து அச்சிட்டு வெளியிட்டார். முந்நூறு ஆண்டுகள் உறங்கிய நூல் மீண்டும் தமிழர் கைக்கு வந்தது.

தமிழில் முதன்முதலாக அச்சான நூல்களைப் பற்றி 1958இல் தமது இதழில் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் வழிகாட்டியாக அமைந்தது. 1554இல் லிஸ்பன் நகரில் உரோம எழுத்துக்களில் தமிழ்ச் செபங்கள் அச்சாயின. அதை உருவாக்கியதில் மூன்று தமிழர்களுக்குப் பங்குண்டு. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களிலேயே 16 பக்கங்களில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. அதன் படியொன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வந்தது. பின்னர் 1586இல் வந்தது பிளோஸ் சாங்தோரும் என்னும் பெரிய நூல். அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்நூலின் படியும் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனைத் தமிழறிஞரின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களில் அடிகள் முதன்மையானவர்.

தமிழ் எழுத்தில் அச்சான இந்நூல்களுக்கெல்லாம் உழைத்தவர் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் என்னும் போர்த்துக்கீசிய சேசு சபைக் குரு. அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அறியப்படுகிறார். 1520இல் பிறந்து 1546இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் புன்னைக்காயல் முதலிய கடற்கரை ஊர்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து 1600இல் இறந்தார். அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே பொருளுதவி செய்தார்கள். தமிழ் அச்சின் தொடக்கத்தில் கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

ஏடுகளைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. நகல் எடுக்க வேண்டும். புள்ளியும் இரட்டைக் கொம்பும் இல்லாத பழைய எழுத்தைப் படிக்க வேண்டும். இன்றைய வாசகருக்கு விளக்க வேண்டும். இப்பணியைச் சேசு சபை வரலாற்றறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகள் ஏற்றார். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாக 1963இல் வணக்க நூலும், 1967இல் பிளோஸ் சாங்தோரும் அடியார் வரலாறு என்ற பெயரிலும் மறுபதிப்புப் பெற்றன. ஒருவர் தேட, ஒருவர் பதிக்க, ஒரு கழகம் அச்சிட, மூன்று கையும் சேர்ந்த பின்பே ஓர் ஏடு நம்மிடம் திரும்பியது.

அடியார் வரலாறும் மத்திய காலமும்

இந்நூல் ஏன் முக்கியம் என்பதை அறிய ஐரோப்பாவின் மத்திய காலத்திற்குச் சற்றே செல்லவேண்டும். துறவியர் மடங்களிலும் நகரத்துச் சந்தைகளிலும் அன்று மக்கள் பக்தியை வளர்த்தவை புனிதர்களின் சரித்திரங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமினிக் சபைத் துறவி யாக்கோபு தெ வோராஜினே அச்சரித்திரங்களைத் திருவழிபாட்டு ஆண்டின் ஒழுங்கில் தொகுத்தார். பிற்காலத்தில் அவர் ஜெனோவா நகரின் பேராயராகி 1298இல் இறந்தார். பொன் சரித்திரம் என்று பெயர் பெற்ற அத்தொகுதி ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவிற்று. ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் அதை ஒட்டி எழுந்த நூல்களுக்குப் பிளோஸ் சாங்தோரும், அதாவது புனிதர்களின் மலர், என்று பெயர். அந்த வழியில் வந்ததே அண்டிரிக் அடிகளாரின் தமிழ் நூல். மத்திய கால ஐரோப்பியத் துறவியின் பக்தியும் தமிழகக் கடற்கரை மீனவரின் பேச்சும் அதில் கைகோத்தன.

சொற்களையும் பாருங்கள். தம்பிரான் என்பது நம் நாட்டில் சைவர் தம் இறைவனையும், சைவ மடத்துத் துறவியரையும் குறிக்க வழங்கிய சொல். அதே சொல்லைக் கடவுளுக்கு இட்டார் அண்டிரிக். ஒரு நாட்டின் துறவற மரபு மற்றொரு நாட்டில் வேர் பிடிக்கும்போது அந்நாட்டு மண்ணின் சொல்லைக் கடன் கேட்கிறது. வீரமாமுனிவர் தேம்பாவணி பாடுவதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் உரைநடையில் இம்முயற்சி நடந்தது என்பதும், அதற்கான சான்று வெளிநாட்டு நூலகத்தில் இருந்தது என்பதும் சிந்திக்க வேண்டியவை.

மெய்யைத் தேடியவர் பட்ட பாடு

புனிதர் சரித்திரங்களில் நடந்தது எது, பின்னர் பக்தியால் சேர்ந்தது எது என்று பிரித்தறியும் முறையையும் திருச்சபைத் துறவியரே உருவாக்கினர். பெல்ஜியத்தில் ஜான் பொல்லாந்து என்ற சேசு சபைக் குருவும் அவர் தோழர்களும் 1643 முதல் புனிதர் வரலாறுகளை மூல ஏடுகளோடு ஒப்பிட்டு வெளியிட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான பாப்பெப்ரோக் 1675இல் பெனடிக்டு சபை மடங்களின் பழைய சாசனங்கள் பல போலியானவை என்று எழுதினார். பெனடிக்டு சபையினர் வருந்தினர். அச்சபைத் துறவி மபில்லோன் சண்டைக்குப் போகவில்லை. ஆறு ஆண்டுகள் உழைத்து, ஒரு சாசனம் மெய்யா பொய்யா என்று அதன் எழுத்து, மை, முத்திரை, தேதி, வாசகம் ஆகியவற்றைக் கொண்டு அறியும் முறைகளை 1681இல் பெருநூலாக எழுதினார். அதைப் படித்த பாப்பெப்ரோக் தாம் எழுதியது மிகை என்பதை ஒப்புக்கொண்டு மபில்லோனுக்குப் பாராட்டுக் கடிதம் வரைந்தார். இன்று உலகெங்கும் சாசன ஆராய்ச்சிக்கு அந்நூலே தாய்.

எல்லோரும் அவ்வளவு பெருந்தன்மையாக இருக்கவில்லை. கார்மேல் சபையைத் தோற்றுவித்தவர் எலியாஸ் தீர்க்கதரிசி என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று அதே பாப்பெப்ரோக் எழுதியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1695இல் ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றம் அந்தத் தொகுதிகளைத் தடை செய்தது. தடை நீங்கியது 1715இல். பாப்பெப்ரோக் அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார். இன்றோ அவர் வகுத்த வழியே திருச்சபை ஆய்வாளரின் பொது வழியாக இருக்கிறது. விசுவாசத்துக்கு உண்மையால் ஊறு வராது என்று அவர் நம்பினார். காலம் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று.

தனிநாயகம் அடிகளும் இதே மரபில் வந்தவர். தமிழின்மேல் அவருக்கிருந்த காதல் அளவற்றது. ஆயினும் காதலுக்காகக் காலத்தைக் கூட்டிச் சொல்லாமல், ஏட்டையும் படியையும் நூலகத்தையும் சுட்டியே எழுதினார். உலகத் தமிழாராய்ச்சிக்கு அவர் மன்றம் கண்டதும் பிற நாட்டறிஞர் சோதித்து ஏற்கும் சான்றுகளோடு தமிழ் பேசப்பட வேண்டும் என்பதற்காகவே. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நம் மண்ணின் ஏடுகள்

இனி நம் ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சிப் பகுதி புதுச்சேரி – கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. சேசு சபை கலைக்கப்பட்ட பிறகு 1776 முதல் இப்பகுதியில் வேதம் போதித்தவர்கள் பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள். அவர்கள் தம் தலைமை இல்லத்துக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டு அச்சபையின் வரலாற்றாசிரியர் அதிரியான் லோனே 1898இல் இந்திய மிஷன்களின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். புதுச்சேரி, மைசூர், கோயம்புத்தூர் மிஷன்களின் கதை அதில் உள்ளது. நம் கொள்ளுப்பாட்டன்மார் காலம் பிரெஞ்சு மொழியில், பாரிஸ் நகரத்து ஏடுகளில் இருக்கிறது.

அங்கே இல்லாதது இங்கே, நம் பங்குப் பேரேடுகளில் இருக்கிறது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் திருமணப் பதிவேடு கட்டாயம் என்றது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், அடக்கம், குடும்பங்களின் ஆன்மநிலை என ஐந்து ஏடுகளுக்கு விதி வகுத்தது. சுவாமியார் அறையில் இரும்புப் பெட்டியில் இருக்கும் நீளமான புத்தகங்கள் இந்த விதியின் பிள்ளைகள். கலியாணத்துக்கு ஓலை எழுதவும் சான்றிதழ் வாங்கவும் மட்டுமே நாம் அவற்றைத் தேடுகிறோம். வரலாற்றாசிரியருக்கோ அவை சுரங்கம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை ஒரு பங்கின் அடக்கப் பேரேடு காட்டும். ஞானஸ்நானப் பேரேடு, யார் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார், ஞானப்பெற்றோராக நின்றவர் எந்தத் தெருவினர் என்பதைக் காட்டும். தொழில் மாறியதும், ஊர் பெயர்ந்ததும், பிள்ளைகள் சிறுவயதில் மடிந்ததும் அவற்றில் உண்டு. சிப்ரியானின் கடிதங்களைப் போலவே அவையும் மறைப்பதில்லை.

ஏடே இல்லாத வரலாறும் நம் அருகில் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையைப் பாருங்கள். அம்மலைவாழ் மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி அங்கே நடந்தது. சுதந்திரம் வந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து 1976இல்தான் மலை முழுவதுமாக அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது. கூலியின்றி வேலை செய்த நாட்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் வாய்மொழியே அங்கே பேரேடு. ஒரு பாட்டி கண் மூடினால் ஒரு புத்தகம் எரிந்த கணக்கு.

ஜூபிலி ஆண்டில் நாம் செய்யத்தக்கவை

ஜூபிலி மலரில் அச்சாவதை ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுத்துப் படிப்பவர்கள் வரலாறு என்றே நம்புவார்கள். ஆகவே நாம் எழுதுவதில் பொறுப்பு வேண்டும். செவிவழி வந்ததைச் செவிவழி வந்தது என்றே எழுதுவோம். தேதி தெரிந்தால் தேதியோடு எழுதுவோம். ஊகத்தைத் தேதியாக்க வேண்டாம். நன்கொடை தந்தவர் பெயரோடு, செங்கல் சுமந்த பெண்களின் பெயரையும், மணி அடித்த கோவில்பிள்ளையின் பெயரையும், மழையில் நனைந்து மலையேறிய உபதேசியாரின் பெயரையும் கேட்டு எழுதுவோம். ஊரில் நேர்ந்த பிரிவினையையும், அது தீர்ந்த விதத்தையும், தீராதிருந்தால் அதையும், யாரையும் புண்படுத்தாத சொற்களில் எழுதி வைப்போம்.

பங்குக் குருவின் அனுமதியோடு பழைய பேரேடுகளைத் துடைத்து, காற்றுப் படவைத்து, ஈரமில்லாத இடத்தில் வைக்கலாம். கையில் கைப்பேசி உள்ள இளைஞர்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உயர்மறைமாவட்டக் காப்பகத்தில் ஒரு படி சேர்க்கலாம். குடும்ப இரகசியங்கள் அவற்றில் உண்டாதலால் படங்கள் ஊரெல்லாம் பரவாதபடி பார்த்துக்கொள்வது கடமை. எண்பது வயது கடந்தவர்களிடம் அமர்ந்து, அவர்கள் பேச்சை அவர்கள் சொல்லிலேயே பதிவு செய்யலாம். மலையேறிச் சென்றும் கேட்கலாம். கிறிஸ்தவர்களிடம் மட்டுமே கேட்கவேண்டும் என்பதில்லை. ஒரு பங்கின் கதை அதைச் சுற்றியுள்ள எல்லோருடைய கதையோடும் பின்னியது.

பள்ளி இறுதி வகுப்பு முடித்த நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பொறியியலும் மருத்துவமும் நல்ல படிப்புகளே. அவற்றோடு வரலாறும் மொழியும் படிக்க ஒருவராவது நம் பங்கிலிருந்து புறப்படட்டும். பிரெஞ்சு கற்றால் லோனேயின் தொகுதிகளைத் தமிழில் தரலாம். போர்த்துக்கீசியமும் இலத்தீனும் கற்றால் கோவாவிலும் லிஸ்பனிலும் உரோமையிலும் நம் முன்னோரைத் தேடலாம். தீவிலே பிறந்த ஒரு பிள்ளையால் அது முடிந்தது. கோமுகி ஆற்றங்கரைப் பிள்ளையாலும் முடியும்.

கைமாறிய நிலம் உரியவரிடம் திரும்பும் ஆண்டு இது. நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வும் நம்மிடம் திரும்பி வரட்டும். அதை நாம் கூட்டாமலும் குறைக்காமலும் நம் பேரப்பிள்ளைகள் கையில் கொடுப்போமாக.